35 ஆயிரத்துக்குள் ஒரு தியேட்டர்

(இடம்: மதுரை, செல்லூர், மாமா வீட்டு ஹால். மாமா மதுரை–தேனி ரூட்டில் 31 வருஷம் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பாண்டி அவருடைய அக்கா மகன். திருவிழா, கல்யாணம், காதுகுத்துக்கு மைக் செட் போடுகிறவன். தரையில் பேப்பரோடு வந்த விளம்பரத் தாள் ஒன்று, அதன்மேல் ஒரு இன்ச் டேப். மாமா "என்ன?" என்று திருப்பிக் கேட்ட இடங்களையெல்லாம் எழுதினால் இது தொடர்கதையாகிவிடும். அதனால் பாதியை விட்டுவிட்டேன்.)

மாமா: வா மாப்ளே. கையில் 35 ஆயிரம் இருக்கிறது. அதற்குள் 55 இன்ச் டிவி, சுற்றிவர அஞ்சு ஸ்பீக்கர், பேஸுக்கு ஒரு பெரிய பெட்டி. வீட்டுக்குள் நுழைந்தால் தியேட்டர் மாதிரி இருக்க வேண்டும்.

பாண்டி: இருக்கிற டிவிக்கு என்ன ஆச்சு மாமா?

மாமா: சத்தம் கேட்கிறது, பேச்சு விளங்கவில்லை. படத்தில் ஒருத்தன் வாயைத் திறக்கிறான். என்ன சொன்னான் என்று உன் அத்தையைக் கேட்கிறேன். அவள் சொல்லி முடிப்பதற்குள் அவன் செத்துப்போகிறான்.

பாண்டி: சரி, முதலில் இடத்தை அளப்போம்.

மாமா: அளந்தாச்சு. டிவி வைக்கிற மாடம் 3 அடி 4 இன்ச் அகலம். மொத்தம் 40 இன்ச். 43 டிவியே நுழையாது. அதனால்தான் மாடத்தை இடித்துவிட்டு 55 வாங்கிவிடலாம் என்று முடிவு பண்ணினேன்.

பாண்டி: 43 என்பது மூலைக்கு மூலை மாமா. அகலம் 38 இன்ச் இருந்தால் அதிகம். மாடத்திலேயே உட்கார்ந்துவிடும். 55 என்றால் அகலம் மட்டுமே 4 அடி.

மாமா: மூலைக்கு மூலையா? அப்படிப் புடவையை அளந்து கொடுத்தால் உன் அத்தை கடையை விட்டு இறங்குவாளா?

பாண்டி: நீங்கள் சோபாவில் உட்கார்ந்தால் சுவர் ஏழடி தூரம்கூட இல்லை. இதற்கு 43 தாராளம்.

மாமா: பெரிய டிவிக்கு வரி குறைத்திருக்கிறார்களாமே. 55 வாங்கினால்தானே லாபம்?

பாண்டி: 32 இன்ச்சுக்கு மேலே எல்லாவற்றுக்கும்தான் குறைத்திருக்கிறார்கள். 2025 செப்டம்பர் 22-லிருந்து 28 சதவீதம் 18 ஆகிவிட்டது. 43-க்கும் அதே வரிதான்.

மாமா: (கண்ணை மூடிக்கொண்டு) வரிக்கு முன்னால் 20 ஆயிரம் என்று வை. அன்றைக்கு 25,600. இன்றைக்கு 23,600. ரெண்டாயிரம் மிச்சம். இந்தா, இதைப் பார்.

(பாண்டி போனில் கால்குலேட்டரைத் திறப்பதற்குள் விளம்பரத் தாள் அவன் மூக்குக்கு நேரே வந்துவிடுகிறது.)

மாமா: ஹோம் தியேட்டர், 12,000 வாட்ஸ் பிஎம்பிஓ, விலை வெறும் 8,999!

பாண்டி: தெருமுனை மாவு மில்லில் மோட்டார் எத்தனை ஹெச்பி மாமா?

மாமா: பத்து. போர்டே மாட்டியிருக்கிறான்.

பாண்டி: பத்து ஹெச்பி என்றால் 7,460 வாட்ஸ். இந்தப் பெட்டி மாவு மில்லைவிடப் பெரிதா?

மாமா: ஓடினால் நம் வீட்டு ஃபியூஸ் தாங்காது போலிருக்கிறதே!

பாண்டி: ஓடவே ஓடாது. பிஎம்பிஓ என்பது கண் சிமிட்டும் நேரத்துக்கு எவ்வளவு எகிறும் என்று கம்பெனிக்குக் கம்பெனி இஷ்டத்துக்குப் போடுகிற கணக்கு. ஆர்எம்எஸ், அதாவது விடாமல் ஓடும்போது தருகிற வாட்ஸ், எவ்வளவு என்று கேளுங்கள். அதையும் அப்படியே நம்ப வேண்டாம். டிவிக்குக் கீழே வைக்கிற நீளப் பெட்டி ஸ்பீக்கர் இருக்கிறதே, சவுண்ட்பார், அதில் சின்னது என்றால் அடாப்டரைப் புரட்டிப் பார்க்க வேண்டும். போன வாரம் ஒன்றைப் பார்த்தேன், பொடி எழுத்தில் 18 வோல்ட், 3 ஆம்பியர் என்று போட்டிருந்தது. பெருக்குங்கள்.

மாமா: 54.

பாண்டி: கரண்ட் உள்ளே போவதே 54 வாட்ஸ். அட்டைப் பெட்டியில் 300 வாட்ஸ்.

மாமா: சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்! என் வண்டியும் 54 சீட்தான். முகூர்த்த நாளில் 110 பேர் ஏற்றியிருக்கிறேன். 300 எல்லாம் முடியாது மாப்ளே.

பாண்டி: அவ்வளவுதான் மாமா. ஆர்எம்எஸ் தினசரி கலெக்‌ஷன், பிஎம்பிஓ முகூர்த்த நாள்.

மாமா: இப்படிச் சொன்னால் புரிகிறது. சரி, அஞ்சு ஸ்பீக்கரை எங்கெங்கே மாட்டலாம்?

பாண்டி: முன்னால் மூன்று. மற்ற ரெண்டும் நீங்கள் உட்கார்கிற இடத்துக்கு ரெண்டு பக்கமும், கொஞ்சம் பின்தள்ளி, காதுக்குச் சற்று மேலே வர வேண்டும். உங்கள் சோபா சுவரோடு ஒட்டியிருக்கிறது. இடது பக்கம் முருகன் படம். வலது பக்கம் பாத்ரூம் கதவு.

மாமா: அப்போ சண்டைக் காட்சியில் பாதிக் குண்டை முருகன் சுடுவார். மீதி…

பாண்டி: மீதியைச் சொல்ல வேண்டாம் மாமா, அத்தை சமைத்துக்கொண்டிருக்கிறார்கள். வீட்டில் அதிகம் ஓடுவது என்ன? சீரியலும் நியூஸும்தானே. கேபிளில் அதெல்லாம் பெரும்பாலும் ரெண்டு பக்கச் சத்தத்தோடுதான் வரும். பின்னால் இருக்கிற ரெண்டும் சும்மா நிற்கும்.

மாமா: சும்மா நிற்கிறவனுக்கு டிக்கெட் எடுக்க மாட்டேன். பேஸ் பெட்டியாவது பெரிதாகப் போடு. 12 இன்ச்.

பாண்டி: காரியமே கெட்டுவிடும். எஞ்சின் சத்தம், ஏர் ஹாரன், உங்கள் விசில் எல்லாம் சேர்ந்து 31 வருஷத்தில் காதில் மேல் ஸ்தாயியைத் தேய்த்துவிட்டன. ச, த, ப மாதிரி எழுத்தெல்லாம் அங்கேதான் பிரிந்து கேட்கும். "படம்" என்றாலும் "தடம்" என்றாலும் உங்களுக்கு "டம்" மட்டும்தான் வரும். அதன்மேல் பேஸை ஏற்றினால் அந்த "டம்" கூட வராது. கோயில் மைக்கில் ஐயர் மந்திரம் சொல்லும்போது பேஸைக் குறைத்து ட்ரெபிளை ஏற்றுவேனே, அதே வேலைதான். எதற்கும் காது டாக்டரிடம் ஒருமுறை காட்டுங்கள்.

மாமா: என் காதுக்கு என்ன! ஓடுகிற வண்டியில் கீழே விழுந்தது எட்டணாவா ஒரு ரூபாயா என்று சத்தத்தை வைத்தே சொன்னவன் நான்.

பாண்டி: அது அன்றைக்கு. படத்தில் வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கரில்தான் வரும். அதனால் 3.1 சவுண்ட்பார் போதும். இடம், நடு, வலம், அளவான ஒரு பேஸ் பெட்டி. பத்தாயிரத்தை ஒட்டிக் கிடைத்தால் வாங்கிவிடலாம். வாங்கும் முன்னால் உங்களுக்கு விளங்காத காட்சியைக் கடையில் போட்டுக் கேட்க வேண்டும். அங்கே குத்துப்பாட்டுதான் போடுவார்கள், ஏமாந்துவிடாதீர்கள். அப்புறம், டிவியில் ஆர்க் என்று எழுதிய ஹெச்டிஎம்ஐ ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மாமா: ஆற்காடா? அவ்வளவு தூரம் போய் வாங்க வேண்டுமா?

பாண்டி: ஆர்க்! ஒரே ஒயரில் டிவி சத்தம் பாருக்குப் போய்விடும். டிவி ரிமோட்டிலேயே கூட்டிக் குறைக்கலாம்.

மாமா: ஒயரே வேண்டாம். ப்ளூடூத் இருக்கிறதே.

பாண்டி: அதில் சத்தம் கொஞ்சம் பிந்தும். வாய் மூடின பிறகு வசனம் வரும்.

மாமா: அந்த வேலையைத்தான் உன் அத்தை இப்போது பார்க்கிறாள்.

(பாண்டி டிவிக்குப் பின்னால் தலையை விடுகிறான். தூசியில் ரெண்டு தும்மல். செட்டாப் பாக்ஸிலிருந்து மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று மூன்று ஒயர் வருகிறது.)

பாண்டி: மாமா, இந்த மூன்று ஒயரில் வருவது தெளிவு குறைந்த படம். இந்தப் பாக்ஸோடு 4கே டிவி, அதாவது ரொம்பத் துல்லியமான டிவி, வாங்கினால் பழைய டிவியில் கலங்கலாகத் தெரிந்தது புதுசில் பெரிய கலங்கலாகத் தெரியும். ஹெச்டி பாக்ஸாக மாற்றச் சொல்லுங்கள்.

மாமா: அதற்கும் காசா? 23,600, பத்தாயிரம். ஆக 33,600. மிச்சம் 1,400. அதற்குள் பாக்ஸ் முடியுமா?

பாண்டி: பார்க்கலாம். தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன்.

(சமையலறையில் மிக்சி ஓடுகிறது. பாண்டி அத்தையின் காதருகே குனிகிறான்.)

பாண்டி: (மிக மெதுவாக) அத்தை, மாமாவிடம் இப்போது சொல்ல வேண்டாம். ஹெச்டிஎம்ஐ ஒயர், சுவரில் அடிக்கிற ஸ்டாண்ட், என் ஃபிட்டிங் கூலி எல்லாம் சேர்த்துத் தனியாக ஆயிரத்து ஐநூறு ஆகும்.

மாமா: (ஹாலிலிருந்து) ஆயிரம்தான் தருவேன்! மாடத்தில் உட்காரப் போகிற டிவிக்கு என்னடா ஸ்டாண்ட்?