முதலில் கணினிகள் ஒன்றோடொன்று பேசட்டும்

செயற்கை நுண்ணறிவுதான் நாளைய மருத்துவமனையை நடத்தும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். இருக்கட்டும். போன வருடம் அப்பாவை ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினோம். இரண்டிலும் எல்லாமே கணினிமயம். ஆனால் முதல் இடத்தில் பதினான்கு பக்கம் அச்செடுத்துக் கையில் கொடுத்தார்கள். இரண்டாவது இடத்தில் ஒரு நர்ஸ் அதைப் பார்த்துப் பார்த்து மாத்திரைப் பெயர்களை மறுபடி தட்டச்சு செய்தார். 5 மில்லிகிராம் 50 ஆகிவிட்டது. நல்லவேளை, அப்பாவே கண்டுபிடித்துச் சொன்னார்.

ஸ்கேன் படங்களுக்கு இந்தத் தொல்லை அவ்வளவாக இல்லை, கவனித்தீர்களா? டைகாம் என்ற பொதுத் தரம் 1993-லேயே வந்துவிட்டதால், ஒரு நிறுவனத்தின் கருவியில் எடுத்த படம் வேறு நிறுவனத்தின் திரையிலும் திறக்கிறது. நோயாளிக் குறிப்புகளைக் கணினிகள் பரிமாறிக்கொள்ளவும் ஃபயர் (FHIR) என்றொரு பொதுத் தரம் இருக்கிறது. மென்பொருள் வாங்கும்போதே அதைக் கட்டாயம் கேட்க வேண்டும். வாங்கியபின் கேட்டால் அதற்குத் தனிக் கட்டணம் என்பார்கள்.

அப்புறம் பாதுகாப்பு. 2017 மே மாதம், கணினிகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வானாகிரை வைரஸ் தாக்கியபோது, இங்கிலாந்தின் அரசு மருத்துவச் சேவையான என்எச்எஸ் மருத்துவமனைகளில் ஆயிரக்கணக்கான நோயாளிகளின் அப்பாயின்ட்மென்ட் ரத்தானது. அது உள்ளே நுழைந்த விண்டோஸ் ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. நிறையக் கணினிகளில் அதை யாரும் நிறுவவில்லை, அவ்வளவுதான்.