பெட் ஸ்கேன் இடத்தைக் காட்டும், இனத்தைச் சொல்லாது

பெட் ஸ்கேன் (உடம்பில் புற்றுநோய் எங்கெங்கே இருக்கலாம் என்று காட்டும் படம்) பற்றி ஒரு கட்டுரை படித்தேன். அதை எடுத்துவிட்டால் புற்றுநோயின் ஜாதகமே தெரிந்துவிடும் என்கிற தொனியில் கட்டுரை போகிறது. பாதிதான் சரி.

மேலூரிலிருந்து அக்காவை அந்த ஸ்கேனுக்காக வெறும் வயிற்றோடு மதுரை மாட்டுத்தாவணி பஸ்ஸில் கூட்டி வந்தேன். ஊசி போட்டதும் ஒரு மணி நேரம் பேசாமல், அசையாமல் படுக்கச் சொன்னார்கள். அந்த ஊசியில் இருப்பது கதிரியக்க ஃப்ளூரின் ஒட்டிய சர்க்கரை. 110 நிமிடத்தில் பாதி வீரியம் போய்விடும். சர்க்கரையை அதிகம் தின்கிற இடம் படத்தில் பளிச்சென்று தெரியும். நடந்தால் கால் தசையும் தின்னும், அதற்குத்தான் அந்த ஓய்வு. காசநோய்க் கட்டியும் அப்படியே பளிச்சிடும் என்பதைக் கட்டுரை சொல்லவே இல்லை. நம் ஊரில் இது சின்ன விஷயமா?

அக்காவின் வைத்தியத்தை மாற்றியது ஸ்கேன் இல்லை, பயாப்ஸிக்காகக் கட்டியிலிருந்து எடுத்த சதை. மார்பகக் கட்டியில் ஹெர்2 பரிசோதனை (ஹெர்2 என்ற புரதம் அதிகமாக இருக்கிறதா என்று பார்ப்பது) 2+ என்று வந்தது. ஆமாம் என்றும் எடுக்க முடியாது, இல்லை என்றும் எடுக்க முடியாது. அடுத்து ஃபிஷ் என்ற மரபணு சோதனை. அதற்கு பழைய பயாப்ஸியின் மெழுகு பிளாக், அதாவது அந்தச் சதையை மெழுகில் பதித்து வைத்த கட்டி, வேண்டும். லேபில் போய்க் கேட்டால், "தேடிப் பார்க்கிறோம் சார்". 12 நாள் அலைந்தேன். கடைசியில் வேறு யாரோ ஒருவருடைய கவருக்குள் கிடந்தது, தீப்பெட்டி அளவுகூட இல்லை. ஃபிஷ் பாசிட்டிவ், அதாவது ஹெர்2 வகைதான். இப்போது 3 வாரத்துக்கு ஒருமுறை ஹெர்2-ஐக் குறிவைக்கும் டிராஸ்டுசுமாப் மருந்து ஏறுகிறது.

ரிப்போர்ட் வாங்கும்போதே பிளாக்கையும் ஸ்லைடையும் (சதைச் சீவல் ஒட்டிய கண்ணாடித் துண்டு) கேட்டு வாங்கி வையுங்கள். அப்புறம், அதை பைக் டேங்க் கவரில் போட்டுவிடாதீர்கள். மதுரை வெயிலுக்கு மெழுகு இளகிவிடும்.