கத்திய கத்தி அடிக்குது, ஆள யாரும் அடிக்கல

நேத்து நைட்டு ஓடிடில ஒரு ராஜா காலத்துப் படம் போட்டேன், பேரு வேணாம், எடுத்தவங்க பாவம். க்ளைமாக்ஸ்ல ஹீரோவும் வில்லனும் வாள் வீச ஆரம்பிச்சாங்க, நான் நடுவுல எந்திரிச்சுப் போய் ரெண்டு தோசை ஊத்தி எடுத்துட்டு வந்து உக்காந்தா இன்னும் வீசிட்டே இருக்காங்க, ஒருத்தனுக்கும் மூச்சு வாங்கல, ஒரு முடி கூட கலையல. சரி என்னதான் பண்றாங்கன்னு பாஸ் பண்ணிப் பண்ணி பாத்தேன். அப்பதான் உறைச்சுது, ஹீரோ வீசற வாள் வில்லன நோக்கி வரவே இல்ல, வில்லனோட வாள நோக்கித்தான் வருது. வில்லன் சும்மா கைய கீழ இறக்கிட்டு நின்னிருந்தா கூட அவன் மேல ஒரு கீறல் விழுந்திருக்காது!

சின்ன வயசுல ஒரு வருஷம் லீவுல கொஞ்ச நாள் சிலம்பம் போனேன் (பெருமைக்கு சொல்லல, ஆரம்ப வணக்கமான சலாம் வரிசையோட நின்னு போச்சு). வாத்தியார் முதல் நாள்லேர்ந்து திட்டுன ஒரே திட்டு, "கம்ப பாக்காதடா, ஆள பாரு." கம்பு கம்பு மேல படறது நீ அடிக்க வந்தத அவன் தடுக்கறதால, அதுவே குறி கிடையாது. நம்ம சினிமா வாள்சண்டைல பாதிக்கு மேல அது தலைகீழா இருக்கு, டிங் டிங்னு சத்தம் வரணும்னே வீசறாங்க.

ரெண்டாவது விஷயம் பயம். வீட்ல அருவாமனைல வெங்காயம் நறுக்கறப்ப விரல் நுனி லேசா பட்டாலே நாம என்ன குதி குதிக்கறோம்? மூணடி நீளத்துக்கு அந்த மாதிரி இரும்பு ஒண்ணு எதிர்ல ஆடிட்டு இருந்தா மனுஷன் எப்படி நிப்பான்? தள்ளித்தான் நிப்பான், ஒரு எட்டு வைக்கறதுக்கு முன்னாடி பத்து தடவ யோசிப்பான். அதனாலதான் ஜப்பான் டைரக்டர் குரோசவாவோட சஞ்சுரோ (1962) கடைசி சண்டை எனக்கு அவ்வளவு பிடிக்கும். நடிகருங்க மிஃபுனேயும் நகாடாயும் கைநீட்டற தூரத்துல எதிரெதிர நிக்கறாங்க, அசைவே இல்ல, நமக்கே தாங்காத அளவுக்கு நிக்கறாங்க, அப்புறம் ஒரே உருவல், ஒரே வெட்டு, முடிஞ்சுது. பீறிட்டு அடிக்கற அந்த ரத்தம் நிஜத்துல அப்படி வராது, ஃபயர் சர்வீஸ் பைப் மாதிரி வருது. ஆனா அதுக்கு முன்னாடி இருந்த அமைதி நிஜம், அதனால ரத்தத்தையும் நம்பிடறோம். ஜெயிச்சவன் சந்தோஷமாவும் இல்ல, பாத்துட்டு இருந்த பசங்க ஆஹான்னு வாயத் திறந்ததும் அவங்க மேல எரிஞ்சு விழறான்.

அப்புறம் களைப்பு. வாள் ஒண்ணும் அஞ்சு கிலோ பத்து கிலோ கிடையாது, ஐரோப்பால புழங்கின ஒத்தக்கை வாள் கிட்டத்தட்ட 1 கிலோ, ரெண்டு கையால பிடிக்கறது ஒன்றரை கிலோ பக்கம்தான் பெரும்பாலும். பூ மாதிரி தெரியுதா? ஒரு லிட்டர் தண்ணி பாட்டில கைய நேரா நீட்டி ரெண்டு நிமிஷம் பிடிச்சுப் பாத்துட்டு வந்து சொல்லுங்க.

இந்தக் களைப்ப ஒழுங்கா எடுத்தது வில்லியம் ஹாப்ஸ்னு ஒரு சண்டை மாஸ்டர். ரிட்லி ஸ்காட்டோட முதல் படம் தி டூயலிஸ்ட்ஸ் (1977) அவர் வேலைதான். நெப்போலியன் படைல ரெண்டு ஆபீசருங்க, ஒரு ஒண்ணுமில்லாத விஷயத்துக்கு ஆரம்பிச்சு வருஷக்கணக்கா மோதிக்கறாங்க. மூலக்கதை ஜோசஃப் கான்ராட் எழுதினது, நிஜமாவே அப்படி மோதிட்டு இருந்த டுபான்ட், ஃபோர்னியர்னு ரெண்டு பேர வெச்சு. அதுல ஒரு நிலவறை சண்டை வரும் பாருங்க, ரெண்டு பேரும் ஏற்கனவே ரத்தமும் வேர்வையுமா, வாள தூக்கவே தெம்பு இல்லாம நிக்கறாங்க, ஒரு வீச்சு வீசிட்டு அதோட சேந்து இவங்களே தள்ளாடறாங்க, கடைசில ஸ்கூல் பசங்க மாதிரி தரைல கட்டிப் புரள்றாங்க. அசிங்கமா இருக்கு. அந்த அசிங்கம்தான் வேணும். அதே படத்துல குதிரைச் சண்டைக்கு முன்னாடி ஒருத்தன் முகத்துல பயம் அப்பட்டமா தெரியும், அந்த ஒரு முகத்துக்காகவே அது பல பெரிய பட்ஜெட் போர்க்காட்சிக்கு மேல.

அதே ஹாப்ஸ் ராப் ராய் (1995) கடைசி சண்டையையும் பண்ணாரு. என்னைக் கேட்டா இதுக்கு மேல ஒண்ணு வரல. லியாம் நீசன் கைல கனமான ஸ்காட்லாந்து அகல வாள், டிம் ராத் கைல ஈர்க்குச்சி மாதிரி ஒரு வாள். முக்கால்வாசி நேரம் பெரிய ஆள்தான் தோத்துட்டு இருக்கான்! ஒவ்வொரு வீச்சுக்கும் அவன் மொத்த உடம்பும் சுத்துது, சின்னவன் லேசா விலகி ஒரு குத்து, ஒரு கீறல், சிரிப்பு வேற. கொஞ்சம் கொஞ்சமா ஆள அறுக்கறான். எங்க கீறல் விழுது, எப்ப கை தளருதுன்னு நமக்குத் தெளிவா தெரியுது, ஏன்னா கேமரா தள்ளி நின்னு ரெண்டு பேரையும் முழுசா காட்டுது, இப்ப மாதிரி அரை செகண்டுக்கு ஒரு கட் அடிச்சு தோள், கண்ணு, பூட்ஸுன்னு துண்டு துண்டா காட்டல. கடைசில முட்டி போட்டு விழுந்த நீசன் கழுத்துல ராத்தோட வாள் முனை. அப்ப நீசன் அந்த வாள வெறும் கையால பிடிச்சுடறான், இன்னொரு கையால தன் வாள எடுத்து ஒரே போடு. இது சினிமா கப்ஸான்னு கேக்கறவங்களுக்கு: 1467ல வந்த தால்ஹோஃபரோட ஜெர்மன் சண்டைப் புத்தகத்துல வாளோட வெட்டுப் பக்கத்தையே கையால பிடிச்சு சண்டை போடற படங்க இருக்கு. கவசத்த வாளால வெட்டிப் பிளக்க முடியாது, இடுக்கு பாத்து குத்தணும், அதுக்கு அப்படிப் பிடிச்சாங்க. நம்ம படங்கள்ல இரும்புக் கவசத்த வாழைத்தண்டு மாதிரி சீவறாங்களே, அத விட இது எவ்வளவோ நிஜம்.

உறைலேர்ந்து உருவறப்ப வர ஷ்ஷ்ஷிங் சத்தமும் கப்ஸாதான். உறை பெரும்பாலும் மரம், மேல தோல், சத்தம் எங்கேர்ந்து வரும்? ஆனா அத மட்டும் நான் மன்னிச்சுடுவேன், கேக்க நல்லா இருக்கு.

அப்ப நிஜமா இருந்தாத்தான் மனசுல நிக்குமான்னா இல்ல. தி பிரின்சஸ் பிரைட் (1987) சண்டைல துளி நிஜம் கிடையாது, ரெண்டு பேரும் இடது கைல ஆரம்பிச்சு, அரட்டை அடிச்சுக்கிட்டே கைய மாத்தி மாத்தி வீசறாங்க. ஆனா நடிகருங்க ரெண்டு பேரும் மாசக்கணக்கா பயிற்சி எடுத்து, குட்டிக்கரணம் மாதிரி சில இடம் தவிர எல்லாத்தயும் அவங்களே பண்ணாங்க, அந்த ஜாலி முகத்துல தெரியுது. நம்ம எம்ஜிஆர் நம்பியார் சண்டையும் அந்த ரகம்தான். எதிராளி வாள் தெறிச்சு விழுந்தா எடுத்துக் குடுத்து மறுபடி மோதறது எந்த ஊர் யுத்தத்துலயும் நடக்காது, ஆனா எம்ஜிஆர் யாருங்கறது அந்த ஒரு செய்கைல வந்துடுது, நம்பியார் கையப் பிசையறதுல நம்பியார் வந்துடறாரு. நிஜமும் இல்லாம ஆளும் இல்லாம வெறும் டிங் டிங் மட்டும் இருக்கறதுதான் எனக்குப் பிரச்சனை.

ராப் ராய எங்க அப்பாவுக்கு ஒரு தடவ போட்டுக் காட்டினேன், அவரு தீவிர எம்ஜிஆர் ரசிகர். சண்டை முடியற வரைக்கும் பேசவே இல்ல, சேர் நுனிக்கு வந்துட்டாரு. முடிஞ்சதும் கண்ணாடிய கழட்டித் தொடச்சுக்கிட்டே சொன்னாரு, "இவ்ளோ அடி வாங்கிட்டு என்னடா ஹீரோ? வாத்தியாரா இருந்தா முதல் குத்துலயே தட்டி விட்டுருப்பாரு." சொல்லிட்டு ஒரு நிமிஷம் கழிச்சு, "அந்த வாள கையால பிடிச்சான் பாரு, அத மட்டும் இன்னொரு தடவ போடு."