அது வெற்றுக் காகிதம் இல்லை, கடன்

நேற்று ஒரு பாட்டி, 2016 நவம்பரில் செல்லாது என்று அரசு அறிவித்த பழைய ஐந்நூறு ரூபாய்த் தாள்களோடு நிற்கும் படத்தை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். "கடலை மடிக்கலாம்" என்று சிரித்தவர்களில் நான் மதிக்கிற நண்பர்களும் உண்டு. காலையிலிருந்து மனசே ஆறவில்லை.

அது வெற்றுக் காகிதம் இல்லை, கடன். வைத்திருப்பவருக்கு ஐந்நூறு ரூபாய் தருகிறேன் என்று ரிசர்வ் வங்கி ஆளுநர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வாக்கு. (அதுவும் இந்தியிலும் ஆங்கிலத்திலும்தான். தமிழில் தொகை மட்டும்.) புழக்கத்தில் இருக்கிற தாள்களை ரிசர்வ் வங்கியே தன் கணக்கில், தான் கொடுக்க வேண்டிய பாக்கியாகத்தான் எழுதிவைக்கிறது. 2017இல் வந்த சட்டத்தின் பெயரிலேயே அந்தத் தாள்கள் மீதான 'பொறுப்பு முடிவுறுதல்' என்று இருக்கிறது. கடனே இல்லையென்றால் எதை முடிக்க ஒரு சட்டம்?

எங்கள் அப்பத்தா முட்டையும் முருங்கைக்கீரையும் விற்றுச் சேர்த்தது 11,500 ரூபாய். 23 தாள். துணியில் முடிந்து அரிசிப்பானைக்குள் வைத்திருந்தது வீட்டில் யாருக்கும் தெரியாது. காது கேட்காத மனுஷி, அந்தத் தாள்களை வங்கியில் கட்ட டிசம்பர் 30 கெடு என்பது அவருக்கு எப்படித் தெரியும்? பொங்கலுக்குத் துணி எடுத்துக்கோ என்று என்னிடம் நீட்டினார். வங்கிக்குக் கூட்டிப்போனேன். நாள் முடிந்துவிட்டது என்று அனுப்பிவிட்டார்கள். வெளியே வந்து, "கெவருமெண்டு காசுதானேய்யா இது?" என்று கேட்டார். நான் என்ன சொல்வேன்?

கறுப்புப் பணம் என்பீர்கள். செல்லாது என்று அறிவித்த 15.41 லட்சம் கோடியில் 15.31 லட்சம் கோடி வங்கிக்குத் திரும்பி வந்துவிட்டதே. பதுக்கியவன் எல்லாம் மாற்றிக்கொண்டான். அரிசிப்பானைக்காரிக்குத்தான் வழியில்லை. உச்ச நீதிமன்றம் 2023இல் அந்த அறிவிப்பு செல்லும் என்று சொல்லிவிட்டது என்பீர்கள். சரி, ஐந்து நீதிபதிகளில் நால்வர் சொன்னார்கள். சட்டப்படி சரி என்பதால் அப்பத்தாவுக்குத் தர வேண்டிய பாக்கி தீர்ந்துவிடுமா? கெடு வைக்காமல் முடியாது என்றும் சொல்லாதீர்கள். அதே 2023இல் இரண்டாயிரம் ரூபாய்த் தாளைத் திரும்பப் பெற்றார்கள். வங்கிகளில் கெடு முடிந்த பிறகும் ரிசர்வ் வங்கி அலுவலகங்களில் வாங்கிக்கொண்டார்கள், தபாலில்கூட அனுப்பலாம் என்றார்கள். அப்படியானால் முடியும், இல்லையா? அன்றைக்கு ஏன் முடியவில்லை?

அந்தப் பாட்டியைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு இன்னொன்றும் சொல்கிறேன். பழைய தாள் பத்துக்கு மேல் வைத்திருப்பது குற்றம், அபராதம் ஐந்து மடங்கு வரை போகலாம். எங்கள் பணத்துக்கு 57,500 ரூபாய். பயந்துபோய், அப்பத்தா தூங்கும்போது 13 தாளை உருவி அடுப்பில் போட்டேன். மீதிப் பத்தைப் பழைய துணியிலேயே முடிந்து பானைக்குள் வைத்தேன். கடைசிவரை அவர் அதைப் பிரித்து எண்ணவே இல்லை.