நேஸ்பியின் தளபதி கிராம்வெல் அல்ல, ஃபேர்ஃபாக்ஸ்

அரசர் முதலாம் சார்லஸுக்கும் நாடாளுமன்றத்துக்கும் நடந்த ஆங்கிலேய உள்நாட்டுப் போர் என்றாலே, நாடாளுமன்றத் தரப்பின் கிராம்வெல் பெயர்தான் வருகிறது. 1645 ஜூன் 14 அன்று நேஸ்பி போரில் நாடாளுமன்றப் படையின் தலைமைத் தளபதி தாமஸ் ஃபேர்ஃபாக்ஸ், வயது 33. கிராம்வெல் அவருக்குக் கீழே குதிரைப்படையை நடத்தியவர். அரசர் தரப்பு லாங்டேலின் குதிரைப்படையை முறியடித்ததும் விரட்டிக்கொண்டு ஓடாமல், மீதிக் குதிரைகளை அரசரின் காலாட்படை மேல் திருப்பியது கிராம்வெல்லின் சாதனை, மறுக்கவில்லை. களத்தின் மறுபக்கத்தில் அரசரின் குதிரைப்படைத் தளபதி ரூபர்ட்டும் வென்றார். ஆனால் சரக்கு வண்டிகள் வரை போய்விட்டார். திரும்பி வரும்போது எல்லாம் முடிந்திருந்தது.

அந்தப் படையைக் களத்துக்குக் கொண்டுவந்தவர் ஃபேர்ஃபாக்ஸ். அதற்கு முன் நாடாளுமன்றத்துக்கு இருந்தவை பெரும்பாலும் வட்டாரப் படைகள். சொந்த மாவட்டத்தைத் தாண்ட மனமில்லை, சம்பளமும் ஒழுங்காக வராது. லண்டன் படையினர் "வீடு, வீடு" என்றே பாடுகிறார்கள் என 1644-ல் நாடாளுமன்றத் தளபதி வாலர் புலம்பினார்.

அதற்கு மாற்றாக நாடாளுமன்றம் அமைத்த புதிய படையின் கணக்கு இது: தலா 600 பேரில் 11 குதிரைப்படை ரெஜிமென்ட், தலா 1,200 பேரில் 12 காலாட்படை ரெஜிமென்ட், 1,000 டிராகூன்கள் (குதிரையில் போய், இறங்கி நின்று சுடுபவர்கள்). மொத்தம் 22,000. காலாள் ஒருவனுக்கு நாளுக்கு 8 பென்ஸ், குதிரை வீரனுக்கு 2 ஷில்லிங் (24 பென்ஸ்), குதிரைத் தீனியும் அதற்குள்ளேதான். மாதம் சுமார் 53,000 பவுண்டு வரி இதற்கென்றே விதித்தார்கள். குதிரைப்படைக்கு ஆள் எளிதில் கிடைத்தது. காலாட்படையில் ஏறக்குறைய பாதி இடம் காலி, கட்டாயமாகப் பிடித்து நிரப்பினார்கள், பிடிபட்டவர்களில் பலர் ஓடினார்கள். காசு வந்தவரை படை நின்றது. 1647 மார்ச்சில் காலாட்படைக்கு 18 வாரம், குதிரைப்படைக்கு 43 வாரம் பாக்கி. அதைத் தீர்க்காமல் நாடாளுமன்றம் படையைக் கலைக்கப் பார்த்தபோதுதான் படை அரசியலில் இறங்கியது. வீரர்களின் மதவெறியை மட்டும் காரணம் காட்டுகிறவர்கள் இந்தப் பாக்கிக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

1644-ல் யார்க் நகரம் சரணடைந்தபோது ஃபேர்ஃபாக்ஸ் அங்குள்ள பேராலயத்தின் வண்ணக் கண்ணாடிகளை உடைக்கவிடாமல் காத்தார். 1646-ல் ஆக்ஸ்போர்டில் நுழைந்ததும் போட்லியன் நூலகத்துக்குக் காவல் போட்டார். அதே மனிதர்தான் 1648-ல் கோல்செஸ்டர் முற்றுகை முடிந்த அன்றே அரசர் தரப்புத் தளபதிகள் லூகஸ், லைல் இருவரையும் சுட்டுக்கொல்ல ஒப்புக்கொண்டார். அந்தக் கறையை நான் மறைக்க மாட்டேன்.

அரசர் மீதான விசாரணைக் குழுவின் முதல் கூட்டத்துக்கு மட்டும் போனார், பிறகு போகவில்லை. அரசரின் மரண ஆணையிலுள்ள 59 கையெழுத்துகளில் அவருடையது இல்லை. ஸ்காட்லாந்து மேல் படையெடுக்க மறுத்து 1650-ல் பதவியைத் துறந்தார். அந்தத் துணிவை அரசருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்ட 1649 ஜனவரியிலேயே காட்டியிருக்க வேண்டும். அன்று படை அவர் கையில்தான் இருந்தது.