லிங்க் போட்டால் வேலை முடிந்ததா?

"லிங்க் போட்டுட்டேன் ப்ரோ, எடுத்துக்கோங்க." வீடியோ எடிட்டரான எனக்கு ஷூட்டிங் ஃபுட்டேஜை இப்படித்தான் அனுப்புகிறார்கள். எடுத்துக்கொள்வதற்கு அது என்ன ஒரு போட்டோவா? மூன்று கேமராவில் எடுத்த இரண்டு மணி நேரப் பேட்டி, அதுவும் 4கே, அதுவும் புரோரெஸ் 422 எச்க்யூ என்கிற தரம் உயர்ந்த, கனமான வீடியோ வகை. நொடிக்கு 24 ஃபிரேம் (படம்) என்ற கணக்கில் அந்த வகை ஃபைல் நொடிக்குச் சுமார் 707 மெகாபிட் தின்னும், ஒரு மணி நேரத்துக்கு 318 ஜிபி. எல்லாக் கேமராவையும் கூட்டினால் கிட்டத்தட்ட 1.9 டிபி. 50 எம்பிபிஎஸ் (நொடிக்கு 50 மெகாபிட்) இணைப்பு ஒரு நொடிகூடத் திக்காமல் முழு வேகத்தில் ஓடினாலும் அதை இறக்க மூன்றரை நாள் ஆகும். ஆனால் லிங்க் வந்த அன்று மாலையே "ஃபர்ஸ்ட் கட் எப்ப வரும்?" என்று கேட்பார்கள். உடனே "என் லைன் 100 எம்பி ஆச்சே, உங்களுக்கு மட்டும் ஏன் இவ்வளவு நேரம்?" என்று இன்னொருவர் வருவார். சார், அது மெகாபிட். எட்டால் வகுத்தால் நொடிக்கு 12.5 மெகாபைட், அதுவும் டவுன்லோடுக்கு. பல இணைப்புகளில் அப்லோடு அதில் ஒரு துண்டுதான். இதையெல்லாம் எத்தனை பேருக்குத்தான் விளக்கிக்கொண்டே இருப்பது.

டவுன்லோடு ஆகும் நேரம் யாருடைய கணக்கிலும் வேலை நேரமாக ஏறுவதே இல்லை, அது தனிக் கடுப்பு. கம்ப்யூட்டர் தானே செய்கிறது, உனக்கென்ன என்கிறார்கள். அந்தக் கம்ப்யூட்டர் பாதியில் நின்றுவிட்டதா என்று ராத்திரி எழுந்து பார்ப்பது யார்? பெரிய ஃபோல்டரை பிரவுசரில் இறக்கினால் அது ஜிப் ஜிப்பாக உடைந்து வரும், ஒரே ஃபோல்டரின் பாதி ஃபைல்கள் மூன்றாவது ஜிப்பில் இருக்கும், மீதி ஏழாவதில். எல்லாவற்றையும் பிரித்து ஒன்று சேர்த்து, எண்ணிப் பார்த்து, குறைவதைக் கண்டுபிடித்துத் திரும்பக் கேட்பதற்குள் லிங்க் காலாவதியாகிவிடும். மறுபடி அனுப்பச் சொன்னால் ஏதோ கடன் கேட்டது போல முகம் கோணும்.

சரி, வந்துவிட்டது. உள்ளே திறந்தால் நெல்லிக்காய் மூட்டையை அவிழ்த்துக் கொட்டியது போலக் கிடக்கும். 'புதிய ஃபோல்டர்', அதற்குள் 'புதிய ஃபோல்டர் 2', அதற்குள் 'கேம் பி ஃபைனல்', பக்கத்திலேயே 'கேம் பி ஃபைனல் நிஜம்'. கேமரா கார்டில் இருந்த ஃபோல்டர் அமைப்பை அப்படியே நகலெடுக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலில் அரிச்சுவடி. ஆனால் யாரோ ஒரு புண்ணியவான் எம்பி4 ஃபைல்களை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டு, கூடவே இருந்த எக்ஸ்எம்எல் என்ற சின்னத் தகவல் ஃபைல்கள் எல்லாம் குப்பை என்று விட்டுவிடுவார், டைம்கோடும் (ஒவ்வொரு ஃபிரேமுக்கும் உள்ள நேர எண்) கேமரா விவரமும் பல கேமராக்களில் அதில்தான் இருக்கிறது என்பது அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஒவ்வொரு முறை கார்டை ஃபார்மேட் செய்யும்போதும் ஃபைல் எண் முதலிலிருந்து ஓடும்படி கேமராவில் வைத்திருந்தார்கள் என்றால் இன்னும் கொண்டாட்டம்: முதல் நாள் சி0001, இரண்டாம் நாளும் சி0001, பி கேமராவிலும் சி0001. புராஜெக்டை ஃபைல்களோடு மறுபடி இணைக்க ரீலிங்க் கொடுத்தால் மென்பொருள் பாவம், பெயர் ஒத்துப்போகிறதே என்று எதையாவது இழுத்து வைத்துவிடும். அழுகிற காட்சி இருக்க வேண்டிய இடத்தில் யாரோ லைட் ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு நடந்து போவார்.

இதைவிட எனக்கு எரிச்சல் கிளப்புவது, வேலை பாதி போன பிறகு வருகிற ஒழுங்குணர்ச்சி. டைம்லைனில் நூற்றுக்கணக்கான கட் இருக்கும், இரண்டு எடிட்டர்கள் தனித்தனி ஊரில் உட்கார்ந்து ஒரே ஃபுட்டேஜில் வேலை செய்துகொண்டிருப்பார்கள், அப்போது பகிர்ந்த ஃபோல்டருக்குள் ஒருவர் நுழைந்து "கொஞ்சம் நீட்டா அடுக்கி வச்சேன்" என்று எல்லாப் பெயரையும் மாற்றிவிடுவார். காலையில் புராஜெக்டைத் திறந்தால் திரை முழுக்கச் சிவப்பு, மீடியா ஆஃப்லைன், அதாவது ஃபைலைக் காணோம். நன்றி சொல்ல வேண்டுமாம்! அந்தச் சுத்தபத்தமெல்லாம் முதல் பிராக்ஸி (எடிட் செய்வதற்கான சின்ன நகல்) உருவாகும் முன்பே நடந்திருக்க வேண்டும். நாள், கேமரா, கார்டு எண் மூன்றையும் பெயரில் சேர்த்து ஒருமுறை வைத்துவிட்டால் அதற்குப் பிறகு கடைசி ரெண்டர், அதாவது முழு வீடியோவாக வெளியே எடுக்கும் வரை யாரும் அதில் கை வைக்கக் கூடாது. இவ்வளவுதான் விதி. இதைக் கடைப்பிடிக்க காசும் தேவையில்லை, சாஃப்ட்வேரும் தேவையில்லை.

பிராக்ஸி கொடுங்கள் என்று கெஞ்சினால் அதிலும் வினை. 1080 அளவில் புரோரெஸ் பிராக்ஸி செய்தால் அதே 24 ஃபிரேமில் மணிக்குச் சுமார் 16 ஜிபிதான், ஒரிஜினலில் இருபதில் ஒரு பங்கு. முன்னே சொன்ன மூன்றரை நாள் சுமார் நாலேகால் மணி நேரமாகச் சுருங்கிவிடும். அருமையான வழி. ஆனால் இவர்கள் ஏதோ இலவச கன்வெர்ட்டரில் போட்டுத் தள்ளுவார்கள். கேமராவில் நான்கு ஆடியோ சேனல் இருக்கும், பிராக்ஸியில் இரண்டாகச் சுருங்கியிருக்கும், எடிட்டிங் மென்பொருளான பிரீமியர் இணைக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும். 50 ஃபிரேம் கிளிப் 25 ஆகியிருக்கும். டைம்கோடு எல்லாம் பூஜ்ஜியத்தில் தொடங்கும். பெயருக்குப் பின்னால் 'கன்வெர்ட்டட் 1' என்று ஒரு வால் முளைத்திருக்கும். ஃபோனில் எடுத்த கிளிப் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம், ஃபிரேம் ரேட் ஏறி இறங்குகிற சரக்கு அது, பத்தாவது நிமிடத்தில் உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம். எடிட் எல்லாம் முடித்து கலர் சரிசெய்வதற்காக ஒரிஜினலுக்கு மாறும்போதுதான் இந்தப் பிணங்கள் ஒவ்வொன்றாக மேலே மிதந்து வரும், அப்போது டெலிவரிக்கு ஒரு ராத்திரிதான் பாக்கி இருக்கும்.

வாட்ஸ்அப்பில் வீடியோவாகவே அனுப்பிவிட்டு "குவாலிட்டி கொஞ்சம் கம்மியா இருக்கோ?" என்று கேட்பவர்களைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை.

கிளவுடோடு தானாகவே ஒத்துப்போகிற சிங்க் ஃபோல்டர் வைத்துக்கொண்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புகிற ஒரு கூட்டமும் உண்டு. ஃபைல் இருப்பது போலப் பெயர் மட்டும் தெரியும், உண்மையில் அது கிளவுடில் இருக்கும். புராஜெக்டுக்குள் இழுத்துப் போட்டதும் எடிட்டிங் மென்பொருள் ஆடியோ அலையை வரைவதற்காக ஒவ்வொரு ஃபைலையும் முழுதாகப் படிக்கப் போகும், உடனே அத்தனையும் ஒரே நேரத்தில் இறங்கத் தொடங்கும், டிஸ்க் நிரம்பும், மெஷின் மூச்சு திணறும். இன்னொருவர் தன்னுடைய தற்காலிக ஃபைல்கள் சேரும் கேஷ் ஃபோல்டரையும் பிரிவியூ ரெண்டர்களையும் அதே இடத்தில் வைத்திருப்பார், யாருக்கும் பயன்படாத அந்தக் குப்பை எல்லோருடைய இணைப்பையும் தின்றுகொண்டிருக்கும். இருவர் ஒரே புராஜெக்ட் ஃபைலைத் திறந்து சேமித்தால் முரண்பட்ட நகல் என்று ஒன்று பிறக்கும். எது புதிது, யாருடைய கட் எதில் இருக்கிறது என்று உட்கார்ந்து துப்பறிய வேண்டும். மேக்கில் கேள்விக்குறி போட்டுப் பெயர் வைத்த ஃபைல் விண்டோஸுக்கு வரவே வராது. ஃபோல்டருக்குள் ஃபோல்டராக வைத்துக்கொண்டே போய்ப் பாதை 260 எழுத்தைத் தாண்டினால் அங்கே பல மென்பொருள்கள் முழிக்கும்.

இவ்வளவு பாடு எதற்கு? ஒரிஜினலை ஹார்ட் டிஸ்க்கில் போட்டு, நகல் ஒரிஜினலைப் போலவே இருக்கிறதா என்று காட்டும் எம்டி5 அல்லது எக்ஸ்எக்ஸ்ஹாஷ் வைத்துச் சரிபார்த்து, ஆளுக்கொரு நகல் கூரியரில் அனுப்புங்கள். அது வந்து சேரும் வரை பிராக்ஸியில் வெட்டுகிறோம். எல்லோரிடமும் ஒரே மீடியா, ஒரே ஃபோல்டர் அமைப்பு இருந்துவிட்டால் அதற்குப் பிறகு தினமும் இங்கும் அங்கும் போக வேண்டியது சில எம்பி புராஜெக்ட் ஃபைல் மட்டுந்தான். ஆனால் கூரியர் என்றால் பழைய காலத்து ஆள் என்று சிரிக்கிறார்கள், டிஸ்க் வாங்கச் சொன்னால் பட்ஜெட் இல்லை என்கிறார்கள், இரண்டு எடிட்டர்கள் நாள்கணக்கில் டவுன்லோடு பட்டையை முறைத்துக்கொண்டிருப்பதற்கு மட்டும் பட்ஜெட் தாராளமாக இருக்கிறது.

அப்புறம் ஒன்று, தயவுசெய்து, வேலை நடுவில் யாரும் அப்டேட் போடாதீர்கள். புது வெர்ஷன் பிரீமியரில் சேமித்த புராஜெக்டைப் பல நேரம் பழைய வெர்ஷன் திறக்காது, அதைச் சொன்னால் "நீங்களும் அப்டேட் பண்ணிக்கோங்க" என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். என்னுடைய பிளக்இன்களில் (மென்பொருளோடு சேர்க்கும் கூடுதல் கருவிகள்) பாதி அதில் ஓடாது, அவை ஓடும்படி அப்டேட் வரும் வரை டெலிவரி தேதி காத்திருக்குமா என்று புரொடியூசரிடம் நீங்களே கேட்டுச் சொல்லுங்கள்.