வேப்பேரி தேவாலயம் ஆங்கிலேயர் கதை மட்டுமல்ல
வேப்பேரி புனித மத்தியா தேவாலயத்தை ‘ஆங்கிலேய மிஷனரிகள் உருவாக்கிய சபை’ என்று, சென்னையின் இந்தப் பழைய ஆலயத்தைப் பற்றி நான் படித்த கட்டுரை ஒரே வரியில் முடித்துவிடுகிறது. அந்த இடத்தில் முதலில் இருந்தது கோஜா பெத்ரூஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகரின் கத்தோலிக்கச் சிற்றாலயம். சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் பாலம் கட்டினாரே, பரங்கிமலைக்குப் படிக்கட்டும் போட்டாரே, அவரேதான். பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து சென்னை திரும்பக் கிடைத்த பிறகு, 1752இல் கும்பினியார், அதாவது ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியார், அதை பப்ரிசியஸ் என்ற மிஷனரியின் கையில் கொடுத்தார்கள். அவர் ஜெர்மானியர், அதுவும் லுத்தரன் என்ற புராட்டஸ்டண்ட் பிரிவைச் சேர்ந்தவர். பணம் மட்டும் கிறிஸ்தவ அறிவைப் பரப்ப லண்டனில் இருந்த எஸ்.பி.சி.கே. சங்கத்துடையது. வேப்பேரியில் இந்த மிஷன் நடத்திய அச்சுக்கூடத்தின் கதையும் கிட்டத்தட்ட இதுதான். 1761இல் புதுச்சேரி விழுந்தபோது பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து எடுத்துவந்த இயந்திரம், அரசு வேலைகளையும் அச்சடித்துத் தர வேண்டும் என்ற நிபந்தனையோடு வேப்பேரிக்கு வந்தது. பப்ரிசியஸின் தமிழ்–ஆங்கில அகராதி 1779இல் வெளியானது இங்கேதான். (அவ்வளவு செய்த மனிதர் வயதான காலத்தில் கடனுக்காகச் சிறைக்குப் போனார், அதையும் கட்டுரை சொல்லவில்லை.) அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒரு வாசகர், டேனிஷ் மிஷன் இருந்த தரங்கம்பாடியைச் சுட்டி, ‘எல்லாமே தரங்கம்பாடியின் கிளைதான்’ என்கிறார். சரி, பப்ரிசியஸுக்கு முன் சென்னையில் மிஷனைத் தொடங்கிய ஷூல்ட்சேயும் பப்ரிசியஸும் அங்கிருந்து வந்தவர்களே. ஆனால் தரங்கம்பாடிக்குப் படியளந்தது டென்மார்க் அரசர், சென்னைக்கு லண்டன் சங்கம். கணக்கு வழக்கு தனியாக இருந்தால் அதைக் கிளை என்று எப்படிச் சொல்வது?